நான் வைக்காத செவ்வரளி

பேய், பிசாசு, மை, மந்திரம் என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறவன் நான். முருகனைக் கும்பிடுவேன், கிருத்திகைக்கு ஒருபொழுது இருப்பேன், அதோடு சரி. அப்படிப்பட்டவன்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்தது நடந்ததுதான்.

அறுபதுகளில் ஒரு வருஷம். நூல் வராமல் திருப்பூரில் பனியன் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தன. நான் நிட்டிங் மெஷின் மெக்கானிக். மெஷின் ஓடினால்தானே மெக்கானிக்குக்குச் சோறு? நான்கு மாதமாக வேலை இல்லை. வேலம்பாளையத்தில் ஒற்றை அறை வீடு, மனைவி சரசு, நான்கு வயதில் ஒரு பெண், கைக்குழந்தை ஒன்று. ஒருவேளைக் கூழ்தான். சரசுவுக்குப் பால் வற்றிவிட்டது. கைக்குழந்தை அழுவதையே நிறுத்திவிட்டாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது பினாங்கில் கடை வைத்திருந்த பாய் ஒருவர் ஊருக்கு வந்திருந்தார்.

“அங்க எட்டு நிட்டிங் மெஷின் துருப்பிடிச்சுக் கெடக்குதப்பா. சம்பளமெல்லாம் கெடையாது, காண்ட்ராக்ட்தான். ஓட்டுனா லாபமும் உன்னுது, நட்டமும் உன்னுது. கப்பல் டிக்கெட்டை நான் பாத்துக்கறேன். வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லிப்போடு” என்றார்.

சரசுவிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“கடல் தாண்டிப் போங்கன்னு என் வாயால சொல்ல மாட்டேனுங்க. முருகங்கிட்டப் பூக் கேப்போம். வெள்ளை வந்தாப் போங்க. செவப்பு வந்தா இங்கயே கெடப்போம், கூழோ தண்ணியோ.”

எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெள்ளைப் பூ ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டிச் சாமி முன்னால் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பது. வந்த பூதான் உத்தரவு.

வியாழக்கிழமை, உச்சி வெயிலில் முருகன் கோயிலுக்குப் போனோம். பூவைக் கட்டும் வேலை எனக்கு, எடுப்பது சரசு. செவ்வரளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இது வந்துவிட்டால்? நான் பாவி, அதைக் கோயில் கிணற்றில் எறிந்துவிட்டு இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்தேன். முருகா, குழந்தை சாகுதப்பா, மன்னிச்சுக்கோ என்று சொல்லிக்கொண்டே பனியன் நூலால் கட்டினேன். அறுந்த நூலை மெஷினில் இணைக்கப் போடுகிற முடிச்சு, பல்லால் கடித்தால்தான் அறும்.

பூசாரி மாற்றியிருப்பார் என்பீர்கள். அவர் கையே படவில்லை. தட்டை நானே கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைத்தேன், கண்ணையும் எடுக்கவில்லை. சரசு கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். நான் போட்ட அதே முடிச்சைக் கடித்து அறுத்தாள். இலையைப் பிரித்தாள்.

செவ்வரளி.

நம்பினால் நம்புங்கள், அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சரசு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் போகவில்லை என்ற நிம்மதியில் அழுகிறாள் என்று நினைத்தேன். நான் என்னவென்று சொல்வேன், இரண்டிலும் வெள்ளைதான் வைத்தேன் என்றா? மற்றப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்ப் பிரித்தேன். அதில் நான் வைத்த வெள்ளைப் பூ வைத்தபடியே இருந்தது.

பாயிடம் மாட்டேன் என்றேன். எனக்குப் பதில் வேறொருவர் போனார். கப்பல் முழுகவில்லை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகச் சம்பாதித்து வந்து ஓட்டு வீடு கட்டினார். என் கைக்குழந்தை அந்த மாசியில் போய்விட்டாள். என் மடியில்தான் போனாள். நான் பினாங்குக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாளா, அவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கத்தான் என்னை நிறுத்தினானா, முருகனைக் கேட்காத நாளில்லை.

போன தைப்பூசத்தன்று மனது தாங்காமல் சரசுவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் என்னையே வெறித்துப் பார்த்தாள்.

“நீங்க ரெண்டுலயும் வெள்ளை வெச்சதை நான் தூணு மறைவுல நின்னு பாத்தேனுங்க. நீங்க போனாத்தான் புள்ளை பொழைக்கும்னு நானும் கண்டும் காணாம இருந்தேன்.”

“அப்பறம் ஏம்புள்ள அப்படி அழுதே?”

“கடைசில பயந்துபோயி நீங்கதான் மாத்தி வெச்சுட்டீங்கன்னு நெனச்சேன். இத்தன வருசமா உங்க மேல அந்தக் கோவம் எனக்கு.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்ப யாருங்க மாத்துனது?” என்றாள்.

அன்றிலிருந்து கோயிலில் தருகிற விபூதிப் பொட்டலத்தைக்கூட நாங்கள் இருவரும் பிரிப்பதில்லை. சாமி படத்துக்குக் கீழே எல்லாம் கட்டியது கட்டியபடியே கிடக்கின்றன.