பாடத்தில் இல்லாத ரோமாபுரி

ஆண்டிறுதித் தேர்வு முடிந்து விடுமுறைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பது பெரும்பாடு. ஐந்தாம் ஆண்டு வகுப்பு மீன் சந்தையாக இருந்தது. சும்மா இருக்கத் தெரியாத நான் ரோமாபுரியைக் கையில் எடுத்தேன். பாடத்திட்டத்தில் இல்லாதது; நடத்தச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. நன்றாகக் கதை சொல்வேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, அவ்வளவுதான்.

முதல் நாள் சாலைகளும் குளியல் மண்டபங்களும். ஊரே வரிசையாக உட்காரும் கழிப்பறையைப் பற்றிச் சொன்னதும் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு என் தலைக்கு ஏறிவிட்டது. மறுநாள் பயமுறுத்திப் பார்க்க ஆசை வந்தது. ரோமானியர் வீட்டில் குழந்தை பிறந்தால் தகப்பனின் காலடியில் கிடத்துவார்களாம், அவன் தூக்கினால்தான் அது வீட்டுப் பிள்ளை, தூக்காவிட்டால் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று குரலை இறக்கிச் சொன்னேன்.

வகுப்பு அடங்கியது. பிறகு தலைகள் ஒவ்வொன்றாக ஜன்னலோர மேசைப் பக்கம் திரும்பின. அங்கே உட்கார்ந்திருந்தவள் பிறப்பால் சீனக் குழந்தை. பிறந்த சில நாளிலேயே பாயான் பாருவில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் அவளை எடுத்து வளர்த்தது. பினாங்கில் இது புதிதல்ல. நம் வீடுகளில் இப்படி வளர்ந்த அக்காமார் எத்தனையோ பேர். தமிழ்ப் பேச்சுப் போட்டியில் எங்கள் பள்ளிக்குப் பரிசு வாங்கித் தருபவள் அவள்தான். தன்னை எடுத்து வளர்த்தது அவளுக்கும் தெரியும். ஆனால் குப்பைமேடு என்ற சொல்லை அதனோடு சேர்த்து வைத்தது நான்.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். சமாளிக்கிறேன் பேர்வழி என்று, சில தாய்மார் பிள்ளையின் கழுத்தில் ஒரு மணியோ மோதிரமோ கட்டி அனுப்புவார்கள், பின்னால் தேடி வந்தால் அடையாளம் தெரிய வேண்டுமல்லவா என்று சேர்த்துச் சொன்னேன். அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

மூன்று நாள் கழித்து அவளுடைய அம்மா தொழிற்சாலைச் சீருடையோடு என்னைப் பார்க்க வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தன்னோடு என்ன வந்தது என்று கேட்டு மகள் அலமாரி முழுவதையும் கொட்டித் தேடினாளாம். சரியாகச் சாப்பிடவில்லையாம். குழந்தையைச் சுற்றியிருந்த துணிகூட மருத்துவமனையுடையது, அதையும் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றார்.

“ஒன்னுமே இல்லனு சொல்ல எனக்கு வாய் வரல டீச்சர். சீனக் கடையில ஒரு பச்சைக் கல்லு வாங்கி, இதான் உன் கழுத்துல இருந்துச்சுனு குடுத்துட்டேன். அவ காட்டுனா நீங்களும் கொஞ்சம் ஆமானு சொல்லிடுங்க லா.”

நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவர்தான் என்னைத் தேற்றினார். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் பள்ளி விட்டதும் அவள் என் மேசைக்கு வந்து, சட்டைக்குள்ளிருந்து அதை எடுத்துக் காட்டினாள். கயிறு புதுச் சிவப்பு. கல்லில் கடை மினுமினுப்புகூடப் போகவில்லை. பத்து வருடப் பழைய பொருள் அப்படியா இருக்கும்? கெட்டிக்காரப் பிள்ளை, எப்படி நம்பினாள் என்று தெரியவில்லை. நம்ப ஆசைப்பட்டிருப்பாள்.

“இத பார்த்தா அந்த அம்மா என்னைக் கண்டுபிடிச்சிடுவாங்கதானே டீச்சர்?”

ஆமாம் என்றேன். கல்லைச் சட்டைக்குள் பத்திரமாகப் போட்டுக்கொண்டு அவள் ஓடினாள். பள்ளி வாசலில் அந்தக் கல்லை வாங்கியவர், மகளின் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் காத்திருந்தார். எப்போதும் நானும் வாசல் வரை போவேன். அன்று போகவில்லை.