எழுபது கிராம்

படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கமில்லாத மூளை என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டது நான் மட்டுமில்லை. என் மாமியாரும் கேட்டார். எனக்காக ஒரு பொய்கூடச் சொல்லமாட்டார் அவர்.

மகன் பிறந்து ஒன்பது நாள். மூன்று கிலோவாகப் பிறந்தவன் 2,760 கிராமுக்கு இறங்கியிருந்தான். காம்புகள் இரண்டும் வெடித்து ரத்தம் கசிந்தன. அவன் வாய் வைத்தால் பல்லைக் கடித்துக்கொள்வேன். இரண்டு இழுப்பு. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அலறுவான். இவ்வளவு சிறிய ஆள் என்னை இப்படி வெறுக்க முடியுமா என்று நினைப்பேன். நினைத்ததற்காக அழுவேன்.

“பெத்துப் போட்டா ஆச்சா? உன்னைப் பாத்தாலே கத்துறான் பாரு” என்பார் மாமியார்.

“நீங்க பக்கத்துல நின்னு பாத்தா எனக்கே கத்தணும்போல இருக்கு அத்தை.”

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஓர் எடை மிஷினைக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளைத் தட்டு, சிவப்பு எண்கள். பால் கொடுக்கும் முன் ஒரு தடவை, கொடுத்த பின் ஒரு தடவை நிறுக்க வேண்டும். கூடுவதுதான் அவன் குடித்த பால். எண் நின்றதும் ‘டிட்’ என்று ஒரு சத்தம் வரும். தட்டில் மஞ்சள் துண்டை விரித்து நிறுத்து நோட்டில் எழுதுவேன். பத்து கிராம். ஐந்து. ஒரு தடவை ஒன்றுமே கூடவில்லை.

பத்தாம் நாள் இரவு அரைத்தூக்கத்தில் அந்த டிட் கேட்டது. மணி 2:40. கண்ணைத் திறக்க முடியவில்லை. 2:58க்கு மறுபடியும் டிட். எழுந்து பார்த்தேன். தொட்டிலில் அசந்து தூங்கினான். வாய் ஓரத்தில் ஒரு சொட்டுப் பால்.

காலையில் கேட்டேன்.

“பவுடர் பால் கொடுத்தீங்களா?”

“நானா? நீதான் திருட்டுத்தனமா கரைச்சு ஊத்திட்டு என் தலையில கட்டுற.”

மறுநாள் ராத்திரியும் கணவர் இல்லை; அந்த வாரம் முழுக்க அவருக்கு இரவு வேலை. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். இரண்டு மணிக்கு மகனோடு போராடித் தோற்றேன். நிறுத்தேன். 2,800. அலறுபவனைத் தொட்டிலில் விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனேன். பவுடர் டின்னைப் பார்க்க வேண்டும். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

டின்னை வெளிச்சத்தில் பிடித்தபடி மாமியார் நின்றிருந்தார். அவரும் என்னைப் பிடிக்கத்தான் வந்திருந்தார்.

டின்னின் சீல் உடைபடவில்லை.

“அப்ப நேத்து...” என்று ஆரம்பித்தார்.

படுக்கையறையில் அழுகை நின்றது. படிப்படியாக அடங்கவில்லை. சட்டென்று.

டிட்.

சுவர்க் கடிகாரத்தில் 2:40.

நாங்கள் இருவரும் சமையலறையில்.

ஓடினேன். திறந்து வைத்துவிட்டு வந்த கதவு மூடியிருந்தது. தள்ளினேன். கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பி வந்தது... மறுபக்கம் யாரோ சாய்ந்து உட்கார்ந்திருப்பதுபோல.

“உள்ள யாருடி?” மாமியார் குரல் உடைந்தது.

கதவில் காதை வைத்தேன். உள்ளே ஒரு சத்தம்.

ளக்... ளக்... ளக்...

குழந்தை பால் விழுங்கும் சத்தம். பதினொரு நாளாக நான் கேட்க ஏங்கிய சத்தம்.

டிட்.

பதினெட்டு நிமிடம் தள்ளியும் திறக்காத கதவு தானாகத் திறந்தது. 2:58.

அறையில் யாரும் இல்லை. மகன் எடைத் தட்டில் கிடந்தான். தூக்கம். ஈர உதடு.

2,870.

மஞ்சள் துண்டு நாலாக மடித்து ஓரமாக வைத்திருந்தது. எங்கள் இருவருக்கும் அப்படி மடிக்கும் பழக்கமே கிடையாது.

என் மார்பு கல்லாகக் கட்டி வலித்தது.

முதலில் எனக்கு வந்தது பயமில்லை. பொறாமை.

இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். அடுத்த நாலு இரவும் 2:40க்கு விழித்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எடை ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையிலிருந்து மாமியாரும் வரவில்லை. பகலில் அவர் என்னைத் திட்டுவதையும் விட்டுவிட்டார்.

ஐந்தாம் நாள் காலை மகனை எடுத்து அணைத்தேன். அவன் அழவில்லை. என் முகத்தைப் பார்த்தான். யாரோ தெரியாதவளைப் பார்ப்பதுபோல. பிறகு என் இடது தோளுக்கு மேலே பார்த்து, காற்றில் வாயைச் சப்பினான்.

அப்போதே நர்ஸுக்குப் போன் செய்தேன். “மிஷினை எடுத்துட்டுப் போயிடுங்க. இப்பவே.”

வந்தார். மேசையில் நாலாக மடித்த துண்டைப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

“இதை யாரு மடிச்சது?”

நான் மகனை மார்போடு அணைத்துக்கொண்டேன். மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்றரை நாள் என் மகன் எதையும் குடிக்கவில்லை. அதன் பிறகு என்னிடம் வந்தான். வலது பக்கம் மட்டும். இடது பக்கம் திருப்பினால் வாயை இறுக்கிக்கொள்வான்.

ஆறாவது வார ஊசிக்குப் போனபோது அந்த நர்ஸைப் பார்த்தேன். விடாமல் கேட்டேன். என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

“உங்களுக்கு முன்னாடி அந்த மிஷின் ஒரு பொண்ணுகிட்ட இருந்துச்சு. குழந்தை ஆஸ்பத்திரில, கண்ணாடிப் பெட்டில. வீட்டுக்கு வரும் வரும்னு ராத்திரி உக்காந்து, ஒரு துண்டை நாலா மடிச்சுத் தட்டுல வச்சு எடை போட்டுப் பழகுமாம். குழந்தை பிறந்த நேரத்துக்கு, ரெண்டு நாப்பதுக்கு. பால் கட்டி, சீழ் புடிச்சு, ஜுரம் வந்து... பதினோராம் நாள் அந்தப் பொண்ணு போயிடுச்சு. ஒரு தடவைகூடப் புள்ளைக்குக் கொடுக்கல.”

“எந்தப் பக்கம் பால் கட்டுச்சு?”

ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“இடது பக்கம்” என்றார்.

என் மடியில் மகன் என் தோளுக்கு மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.