சமிதியின் அரக்குப் பட்டு

காட்டிலிருந்து யானைகள் மரம் இழுத்துக்கொண்டிருந்த காலத்தில், அந்தமானின் லாங் ஐலண்டில் எங்கள் கூலி லைனுக்கே ஒரே ஒரு பட்டுச் சேலைதான் இருந்தது. அது எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஆனால் எங்களுடையது அல்ல, பெண்கள் சமிதியுடையது. அம்மா சமிதிக்குத் தலைவி. பெட்டிச் சாவி அவள் இடுப்பில் தொங்கும். அந்தச் சாவிச் சத்தத்தில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

சமிதி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மரம் வெட்டவும் அறுக்கவும் வந்த குடும்பத்துப் பெண்கள், தமிழ், தெலுங்கு, வங்காளி, ராஞ்சி என்று எல்லாரும், ஞாயிறு மதியம் எங்கள் வாசலில் கூடி அவரவருக்குத் தெரிந்த இந்தியில் பேசுவார்கள். ஒரு வீட்டில் பிரசவம் என்றால் முறைவைத்துப் போய்ச் சமைத்துக் கொடுப்பார்கள். கல்யாணம் என்றால் விடியுமுன்பே தேங்காய் துருவ உட்கார்ந்துவிடுவார்கள். மெயின்லேண்டிலிருந்து பட்டு வரவழைக்க யாருக்கும் வசதி கிடையாது. எந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமானாலும் அந்த அரக்குப் பட்டுதான். கட்டி, நிழலில் உலர்த்தி, அந்துருண்டை போட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

சேலையைக் கொடுத்தவள் எதிர்வீட்டு அத்தை. ரத்த உறவு கிடையாது. அம்மாவை அவள் மதினி என்பாள், அதனால் எனக்கு அத்தை. கட்டை உருண்டு புருஷன் செத்த வருஷம், "பெட்டிக்குள்ள கெடந்து என்ன செய்யப்போகுது மதினி, பொண்ணு புள்ளைக கட்டட்டும்" என்று தன் கல்யாணச் சேலையை அவளாகவே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

எனக்கு ஒன்பது வயதானபோது, போட் ஓட்டுகிற மலையாளி ஒருவர் அத்தையைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். அவளும் சரியென்றாள். ஒருநாள் மட்டும் கட்டிக்கொள்ள அந்தச் சேலை வேண்டும், நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சமிதியில் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் அம்மா கூடாது என்றாள். "தே தோ தீதி, உஸீ கா தோ ஹை" என்றாள் ஒரு வங்காளிப் பெண். கொடுத்துவிடு அக்கா, அவளுடையதுதானே என்று. அம்மா அசையவில்லை. அடுத்த மாதம் என் அக்காவுக்குக் கல்யாணம். "ரெண்டாந் தாலிக்குக் கட்டுன சேலைய எம்மக கட்டணுமா?" என்றாள். புருஷனை இழந்தவளின் சேலையைத்தான் இத்தனை பெண்களும் கட்டினார்கள். அதை அன்று யாரும் சொல்லவில்லை.

அம்மா நாலு பேர் மதிக்கிறவள். பொய் பேச மாட்டாள். அதனால் என்னைப் பேசச் சொல்லிவிட்டு, அத்தை வரும் நேரத்துக்குக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி ஒப்பிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

மறுநாள் அத்தை தலைக்குக் குளித்து வந்திருந்தாள்.

"என்ன மருமகளே, ஆத்தா எங்க? சேலைய எடுத்து வெச்சிருக்காளா?"

"எலி கடிச்சிருச்சு அத்தை."

"எம்புட்டு கடிச்சிச்சு?"

"பூராவும்."

அவள் சற்று நேரம் பெட்டியையே பார்த்தாள். பிறகு, "முந்தித் துண்டு ஏதாச்சும் மிஞ்சிக் கெடக்கா? அது போதும் எனக்கு. மடியில முடிஞ்சுக்குவேன்" என்றாள்.

இதற்கு அம்மா பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. "எரிச்சிட்டோம்" என்றேன் நானாகவே.

"அடேயப்பா! எலி வீட்டுல என்ன கல்யாணமோ!" என்று சிரித்தாள். என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். அம்மா ஒரு கை சர்க்கரை கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை அத்தை நூல் சேலையில் மாலை மாற்றிக்கொண்டாள். சமிதியிலிருந்து தேங்காய் துருவப் போனது அந்த வங்காளிப் பெண் மட்டும்தான்.

அக்கா கல்யாணத்துக்கு அத்தை வரமாட்டாள் என்று அம்மா நினைத்தாள். ஆனால் அவள் விடியுமுன்பே தேங்காய்த் துருவியோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மா அந்தப் பக்கமே போகவில்லை.

முகூர்த்த நேரத்தில் அக்காவின் கொசுவம் நழுவிவிட்டது. யார் செருகினாலும் நிற்கவில்லை. சத்தம் கேட்டு அத்தை கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அக்காவின் முன்னால் மண்டியிட்டு ஒவ்வொரு மடிப்பாக எடுத்தாள்.

"இந்தச் சேல இப்பிடித்தான் வழுக்கும். மடிப்பப் பெருசு பெருசா வைக்கணும். மருமகளே, ஒரு ஊக்கு எடு."

எடுத்துக் கொடுத்தேன். குத்தினாள். முந்தானையைத் தோளில் சரியாகப் போட்டு, உள்ளங்கையால் ஒருமுறை நீவினாள். "நல்லா இரு தாயி" என்றுவிட்டு மறுபடி தேங்காய் துருவப் போனாள். அதற்குப் பிறகு அவள் சமிதிக்கு வரவேயில்லை. போய்க் கூப்பிட எங்களில் ஒருத்திக்கும் முகம் இல்லை.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. அத்தைக்குச் சேலை அடையாளம் தெரியவில்லை, நல்லவேளை தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு, முதல் பந்தியிலேயே உட்கார்ந்து இரண்டு தரம் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.