கேபிள் ஒப்பந்தத்தின் ஏழாவது பத்தி

ஆறு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் நெவெனாவின் காதைக் கொண்டுபோனது, பேச்சை விட்டுவைத்தது. ஆனால் தன் குரல் வெளியே எப்படி ஒலிக்கிறது என்று தெரியாததால் வீட்டைத் தாண்டி அவள் வாய் திறப்பதில்லை. சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எப்போதும் இருக்கும். பல்கேரியாவின் ருசே நகரத்தில், கோட்டு தைக்கும் ஆலையில் முப்பத்திரண்டு வருடமாகக் காலர் தைக்கிறாள். அவள் தைத்த காலரை மேற்பார்வையாளர் புரட்டிப் பார்ப்பதில்லை. அப்படியே அடுத்த மேசைக்குப் போய்விடும். அவளுக்காக யாராவது பரிந்துகொண்டு பேச வந்தால் மட்டும் அவள் முகம் சுருங்கிவிடும்.

கணவன் கிரில் மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் ஓட்டுபவன், காது கேட்பவன். மாலையில் சாப்பாடு முடிந்ததும் இருவரும் கேபிளில் துருக்கித் தொடர் பார்ப்பார்கள். நடிகர்களின் துருக்கி வசனத்தின்மேல் பல்கேரியக் குரலை ஏற்றியிருப்பார்கள். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்ளும் நெவெனாவுக்கு அந்த உதடுகளால் ஒரு பயனும் இல்லை. கீழே எழுத்தும் ஓடாது. ஆகவே கிரில்தான் சைகையில் கதை சொல்வான். நாலு நிமிடச் சண்டைக்கு அவன் கையிலிருந்து வருவது இரண்டே சைகை: கோபம், வீட்டுத் தகராறு. "இவ்வளவுதானா?" என்று கேட்பாள். "இவ்வளவுதான்" என்பான்.

ஒரு பிப்ரவரி மாதம், புதுப்பித்த கேபிள் ஒப்பந்தம் தபாலில் வந்தது. பதினோரு பக்கம். கிரில் அதை இழுப்பறையில் போடப் போனான். நெவெனா வாங்கி வைத்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாள். உலகத்தில் யாருடைய தயவும் இல்லாமல் அவளுக்குக் கிடைப்பது எழுத்து ஒன்றுதான். ஏழாவது பத்தியில் நின்றாள். பெரிய சேனல் தொகுப்பு எடுத்திருப்பவர்களுக்கு ஸ்ட்ரீமிங் சேவையும் அதே சந்தாவில் சேரும், அதை அவர்களே செயல்படுத்திக்கொள்ள வேண்டும் என்று பொடி எழுத்தில் இருந்தது. கிரிலின் கால்பந்துக்காக அவர்கள் எடுத்திருந்தது பெரிய தொகுப்புதான். அந்தச் சேவையில் வசனமெல்லாம் பல்கேரிய எழுத்தில் கீழே ஓடும் என்று ஆலையில் ஒருத்தி சொன்னது அவளுக்கு நினைவிருந்தது.

"நான் வந்து பேசறேன்" என்றான் கிரில்.

"நீ உன் வண்டிய ஓட்டு. கேபிள் என் பேர்லதான் இருக்கு."

கேபிள் அலுவலகத்தில் ரலிட்சா என்ற இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். நெவெனா நோட்டை நீட்டினாள்: 'எங்கள் சந்தாவில் ஸ்ட்ரீமிங் சேருமா?' ரலிட்சா நிமிராமலே, 'சேராது, தனியாக எடுக்க வேண்டும்' என்று எழுதித் தந்தாள். நெவெனா ஏழாவது பத்தி இருந்த பக்கத்தை மேசையில் வைத்தாள். ரலிட்சா கணினியைப் பார்த்துக்கொண்டே ஏதோ பேசினாள். 'என் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்' என்று எழுதிக் காட்டினாள் நெவெனா.

ரலிட்சா பார்த்தாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "அம்மா, வீட்ல பேசறவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்களேன்" என்றாள்.

அந்த உதட்டு அசைவு நெவெனாவுக்கு ஒரு எழுத்துகூடத் தவறாமல் புரிந்தது. அவள் நோட்டை மூடிப் பையில் வைத்தாள். பல வருடங்களுக்குப் பிறகு, முன்பின் தெரியாதவர்கள் நடுவில், வாய்விட்டுப் பேசினாள்.

"படிக்கத் தெரிஞ்சவங்க இருந்தாப் போதும்மா."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நெவெனா தலையைக் குனியவில்லை. ரலிட்சாவுக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. அவள் அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தாள், கணினியில் எதையோ தேடினாள், பிறகு நேராக முகம் பார்த்துச் சொன்னாள்: "சேருதும்மா. ரெண்டு வருஷமாவே சேருது. யாரும் வந்து கேக்கல."

வீட்டுக்கு வந்து, செயலியைத் தொலைக்காட்சியில் ஏற்றி, கைபேசிக்கு வந்த எண்ணை அடித்து, கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாகப் போட்டு, முக்கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் அவளே செய்து முடித்தாள். கிரிலைப் பக்கத்தில் விடவில்லை. திரையில் எழுத்து ஓடத் தொடங்கியதும் அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். வசனம் மட்டுமா, கதவு தட்டப்படுவதும் தகரத்தில் மழை விழுவதும்கூட எழுத்தில் வந்தது. இவ்வளவா பேசுகிறார்கள் என்று கிரிலைக் கேட்டாள். ரொம்பவே பேசுகிறார்கள், என் கை வலித்தது எனக்குத்தான் தெரியும் என்றான் அவன்.

பதினோரு வருடத்துக்கு முன் பார்த்த பழைய தொடர் ஒன்று அதில் முழுதாக இருந்தது. நெவெனா முதலிலிருந்து தொடங்கினாள். மூன்றாவது வாரம் கதாநாயகிக்குத் தொலைபேசியில் ஒரு சேதி வந்து, அவள் அழும் காட்சி. அப்பா இறந்துவிட்டார் என்று கீழே எழுத்து ஓடியது. நெவெனா படத்தை நிறுத்தினாள்.

"இவ அப்பா ஜெர்மனிக்குப் போறாருன்னு அழறதாத்தானே நீ சொன்ன?"

கிரில் அவள் பக்கம் திரும்பினான். "அந்த வாரந்தான் உங்கப்பாவ அடக்கம் பண்ணிட்டு வந்தோம். இன்னொரு சாவச் சொல்ல எனக்குக் கை வரல."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எழுந்துபோய்த் தேநீர் போட்டாள். இரண்டு கோப்பையோடு திரும்பி வந்தபோது கோபம் பாதி இறங்கியிருந்தது.

"இனிமே என்னைக் கேக்காம யாரையும் உயிரோட வெக்காத."

"சரி" என்றான்.

அந்தச் சனிக்கிழமை, காது கேளாதோர் சங்கத்தில் இதைக் கையை வீசி வீசி எல்லோருக்கும் சொன்னாள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். இப்படியும் ஒரு மனுஷனா என்று கேட்டவளிடம், என் வீட்டில் இருக்கிறான் என்று மார்பைத் தட்டிக் காட்டினாள்.

அடுத்த வாரம் எல்லோரையும் ஒப்பந்தத்தோடு வரச் சொன்னாள். பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒவ்வொன்றையும் வரி வரியாகப் படித்தாள். ஏழு பேருக்கு ஸ்ட்ரீமிங் சேர்ந்திருந்தது. மற்றவர்களுடையது சின்னத் தொகுப்பு. கேபிளில் வரும் அதே சேனல்களைக் கைபேசியில் பார்க்கலாம், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற தச்சர் ஸ்டாமென் விடவில்லை. எனக்கும் எப்படியாவது வாங்கிக் கொடு என்று கையால் சண்டை பிடித்தார்.

"உங்க காகிதத்துல இல்ல, ஸ்டாமென். இல்லாதத இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன்" என்று அவளும் கையாலேயே முடித்துவிட்டாள்.

அந்த ஏழு பேரோடு அவள் கேபிள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது ரலிட்சா மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராக நின்று பேசினாள்.

மே மாதம் ரலிட்சாவிடமிருந்து நெவெனாவின் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. எந்தத் தொகுப்பில் எது சேரும் என்று வாடிக்கையாளர்களுக்கு அச்சிடப் போகிற துண்டுத்தாளின் முன்படி. 'இது புரிகிறதா அம்மா?' என்று கீழே கேட்டிருந்தாள். நெவெனா ஆலையின் இடைவேளையில் தையல் எந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தாள். மூன்று வரி தேவையில்லாமல் வளைந்து வளைந்து போயின. அவற்றை அடித்துவிட்டு, 'பெரிய தொகுப்பில் சேரும். சின்னத் தொகுப்பில் சேராது' என்று எழுதி அனுப்பினாள்.