மாமாவின் பிக்கப்பும் பன்னிரண்டு புள்ளி மூன்று வோல்ட்டும்

அவிநாசியை அடுத்த ஓர் ஊரில் மூன்று நாள் நோம்பி, கோயில் திருவிழா. முதல் நாள் மாலை, "இனியும் நாம் உறங்கலாமா?" என்று மேடையில் நின்று நான் கேட்ட கணத்தில் ஒலிபெருக்கி உறங்கிப்போனது. கூட்டம் அதையே பதிலாக ஏற்றுக்கொண்டு சிரித்தது. கல்லூரிக் காலத்தில் பேச்சுப்போட்டிக் கோப்பைகளை வீட்டில் வைக்க இடமில்லாமல் அடுக்கியவன் நான். மைக் இல்லாமலே முழங்கிப் பார்த்தேன். மூன்றாம் வரிசையில் கடலை தின்றுகொண்டிருந்தவரை என் முழக்கம் தாண்டவில்லை.

ஒலியமைப்பு என் தாய்மாமாவுடையது. தேங்காய் ஏற்றும் தம் பிக்கப் வண்டியில் பெரிய ஆம்ப்ளிஃபயர், நான்கு ஸ்பீக்கர்கள், நெஞ்சில் உதைக்கும் இரண்டு பேஸ் பெட்டிகள் எல்லாம் மாட்டி, விழாக்களுக்கு விடத் தொடங்கியிருந்தார். என்ஜினை ஓடவிட்டால் வண்டியின் பேட்டரியே அத்தனைக்கும் மின்சாரம் தரும் என்பது ஏற்பாடு. அவருக்குக் கிடைத்த முதல் விழா இது. விழாக் கமிட்டிக்காரர் வந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம், மரியாதையாகப் பேசினார்.

"ஏனுங்க, நாளைக்கு ஒரு நாள் பாக்கறமுங்க. மறுக்காவும் நின்னுபோச்சுன்னா வேற செட்டுக்காரங்களுக்குச் சொல்லிப்போடறமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

முதல் விழாவிலேயே திருப்பி அனுப்பப்பட்ட செட்டை அந்த வட்டாரத்தில் இனி எவரும் கூப்பிடப்போவதில்லை. அது மாமாவுக்குத் தெரியும்.

மறுநாள் காலை, துடியலூரில் அவர் வீட்டு வாசலில் விசாரணை தொடங்கியது. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் பதினான்கு வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மீட்டர் பன்னிரண்டு புள்ளி மூன்று காட்டியது. குற்றவாளி ஆல்டர்னேட்டரே என்று நான் வாதாடினேன். பேட்டரிக்கு மின்சாரம் ஊட்ட வேண்டிய அந்தக் கருவி சிறியது, ஆம்ப்ளிஃபயரின் பசி பெரியது, ஒரு வாரமாக வண்டியைத் தள்ளித்தான் கிளப்புகிறோம் என்று சான்றுகளை அடுக்கி, இறுதியில் குரலைத் தாழ்த்தி, "மாமா, நீதி கேட்கிறேன்" என்று முடித்தேன். பாவம், மனிதர் கரைந்துவிட்டார். மதியத்துக்குள் பெரிய ஆல்டர்னேட்டர் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டார். மீட்டர் இப்போது பன்னிரண்டு புள்ளி நான்கு காட்டியது.

"மாப்ள, உம்பட பேச்சுக்குப் புள்ளி ஒண்ணு ஏறியிருக்குது பாரு" என்றார்.

வண்டியைத் தள்ளிக் கிளப்பி, மெயின் ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் கொண்டுபோனோம். என்னைவிட ஓரிரு வயது மூத்தவர். வழக்கின் பின்னணியை நான் முன்னுரையிலிருந்து தொடங்கினேன்.

"நீங்க பேசுங்க தம்பி. நான் எம்பாட்டுக்குப் பாக்கறேன்" என்று மீட்டரோடு குனிந்தார்.

ஆல்டர்னேட்டரில் பதினான்கு புள்ளி இரண்டு. பேட்டரியில் பன்னிரண்டு புள்ளி நான்கு.

"அப்ப நடுவுல ஆரு அம்மணி திங்கறது?" என்றார் மாமா.

"பாத்துருவமுங்கண்ணா."

பாசிட்டிவ் ஒயர் ஒழுங்காக இருந்தது. பிறகு மீட்டரின் ஒரு முனையை என்ஜின் உடம்பிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தார். "இங்க ஒண்ணுமே காட்டக் கூடாதுங்க. ஒண்ணே முக்கால் காட்டுது. எர்த்து புடிக்கல."

என்ஜினிலிருந்து வண்டியின் சட்டமான சேஸிஸுக்கு மின்சாரத்தைக் கடத்தும் எர்த் கேபிளின் போல்ட்டைக் கழற்றினார். அடியில், கண்ணாடியாக மின்னும் கறுப்புப் பெயிண்ட்.

"இத்தன அழகா ஆருங்க பெயிண்ட் அடிச்சது?"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வண்டியை எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோவது எங்கள் பக்கத்தில் பெண்பார்க்கும் சடங்குக்கு நிகர். அதிகாரி குனிந்து பார்க்காத இடத்துக்கும் பூச்சு உண்டு. போன வாரம்தான் இந்த வண்டியும் போய்வந்தது. சோம்பேறி ஒருவன் அடித்திருந்தால் போல்ட்டின் தலைமேலேயே பிரஷ்ஷை இழுத்துவிட்டுப் போயிருப்பான். வண்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எடுத்த காரியத்தைச் செம்மையாகச் செய்யும் ஒருவன்தான் போல்ட்டைக் கழற்றி, கேபிளை விலக்கி, அடியிலும் பூசி, மறுபடி முறுக்கியிருப்பான். பெயிண்ட் வழியாக மின்சாரம் போகாது என்பது அவன் படித்த எந்த உரையிலும் இல்லை.

"நான்தானுங்க" என்றேன்.

"ரெண்டு கோட்டு அம்மணி" என்றார் மாமா. "மொதக் கோட்டு காயறதுக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தான்."

கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே உப்புத்தாளை என் கையில் திணித்தார். "சொரண்டுங்க தம்பி. பேசாமச் சொரண்டுங்க."

இரும்பு வெளுக்கும்வரை சுரண்டினேன். போல்ட்டை இறுக்கியதும் பேட்டரியில் பதினான்கு புள்ளி ஒன்று. மாமா என்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினார். யாரும் தள்ளாமல் வண்டி கிளம்பியது. பழைய ஆல்டர்னேட்டரே போதுமாயிருந்ததா என்று அவர் கேட்கவில்லை. நானும் அந்தத் தலைப்பை எடுக்கவில்லை.

அன்று மாலை மைக் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. முந்தைய நாள் பாக்கியையும் சேர்த்து முக்கால் மணி நேரம் பேசினேன். ஒவ்வொரு சொல்லும் ஊரின் கடைசி வீடுவரை தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. தப்பிக்க எவருக்கும் வழியில்லை.

முடிந்ததும் கமிட்டிக்காரர் வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செட்டு அருமைங்க. நாளைக்கும் நீங்களே வந்துருங்க. அடுத்த வருசமும் நீங்கதான்."

பிறகு என்னைப் பார்த்தார். குரலை இன்னும் மென்மையாக்கிக்கொண்டார்.

"தம்பி நாளைக்கு ஊட்டுலயே இருக்கட்டுமுங்க. பாட்டு மட்டும் போட்டாப் போதும்."

நான் மறுப்புரைக்கு வாயைத் திறப்பதற்குள் மாமா சொன்னார்: "செரீங்க."