அக்காவிடம் சொல்லாமல் மாற்றிய பிரிவு

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவருடைய நல்ல குணங்களைப் படிக்க எதிர்பார்ப்பார்கள். அவற்றையும் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு வருடமாக என்னைத் தின்றுகொண்டிருக்கும் ஒன்றை மறைத்துவிட்டு இதை அச்சுக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை.

புதுச்சேரியில் பாகூர் கொம்யூனில் நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. எனக்கு ஆறு வயது பெரியவர். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தும் பதினொன்றாம் வகுப்பில் தொழிற்கல்விப் பிரிவில்தான் சேர்த்தார்கள். "பொம்பளப் புள்ளைக்குச் சட்டுனு ஒரு வேல கெடைக்கணும், அதான் நல்லது" என்று அப்பா முடிவு செய்துவிட்டார். மின் மோட்டார் வகுப்பில் அக்கா ஒருவர்தான் பெண். செய்முறைத் தேர்வில் அவர்தான் முதலாவதாக வந்தார்.

தொழிற்கல்வி மாணவர்களுக்கென ஒதுக்கிய இடத்தில் பொறியியல் கல்லூரியிலும் சேர்ந்தார். ஊரே வந்து வாழ்த்தியது. ஆனால் முதல் வருடக் கணக்கு வகுப்பில் கரும்பலகையில் எழுதிய ஒரு வரிகூட அவருக்குப் புரியவில்லை. கூடப் படித்தவர்கள் அந்தக் கணக்கைப் பள்ளியிலேயே இரண்டு வருடம் படித்துவிட்டு வந்திருந்தார்கள். அந்த இரண்டு வருடமும் அக்கா பள்ளிப் பட்டறையில் மோட்டாருக்குச் செப்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். மூன்று முறை எழுதியும் தேறவில்லை. இரண்டாம் வருடத்தில் ஒரு மத்தியானம் ஹாஸ்டல் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். ஒரு மாதம் பின்கட்டை விட்டு வெளியே வரவில்லை.

பிறகு தவளக்குப்பத்தில், எரிந்த மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டும் ஒரு ரீவைண்டிங் கடையில் வேலைக்குப் போனார். திருமணம் நடந்தது. மகள் பிறந்தாள், எல்லோருக்கும் அவள் பாப்பாதான். பாப்பாவுக்கு நான்கு வயதில் அக்கா கணவரை விபத்தில் இழந்தார். எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்து, முன்னறையில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். "பொம்பள கட்ன காயிலு நிக்குமா?" என்று கேட்டவர்களே பின்னாளில் நெட்டப்பாக்கத்திலிருந்து எரிந்த மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நடவு நேரத்தில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று அறிந்தவர் என்பதால், காய்ச்சலோடும் உட்கார்ந்து கட்டிக் கொடுப்பார். இவ்வளவு பெயர் எடுத்தும் அந்தக் கல்லூரி வழியாகப் போகும் பஸ்ஸில் மட்டும் கடைசிவரை ஏறவில்லை.

பாப்பா பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய மாதத்தில் அக்காவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. பரவிவிட்டது என்றார் டாக்டர். அக்கா நோயைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. பாப்பாவின் பிரிவைப் பற்றித்தான் கேட்டார்.

"கணக்கு இருக்கிற பிரிவுலதான் சேரணும்" என்றார்.

"எனக்கு ஒர்க்‌ஷாப்தாம்மா புடிச்சிருக்கு. உன்கூடவே இருந்து பாத்ததுதான?"

"இன்னாடி பேசுற நீ? நான் பட்டது போதாதா?"

பாப்பா அழுதுகொண்டே கணித அறிவியல் பிரிவில் சேர்ந்தாள். மூன்று வாரம் போனாள். நான்காம் வாரம், பள்ளி நேரத்தில் அவள் பஸ் நிறுத்தத்தில் தனியாக உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தேன். "ஒண்ணுமே புரில மாமா. கிளாஸ்ல உக்காந்தா மூச்சு முட்டுது. என்ன மாத்தி வுட்ருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெற்ற தாய் ஆஸ்பத்திரி வார்டில் கிடக்கும்போது அந்தப் பிள்ளை வேறு யாரிடம் போவாள்?

பிரிவு மாற்ற இரண்டு நாள்தான் இருந்தது. அக்காவுக்குப் பதிலாக நான் பள்ளிக்குக் கையெழுத்துப் போடப் போனேன். "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று வகுப்பாசிரியை கேட்டார். தெரியும் என்றேன்.

அக்காவிடம் சொல்லத்தான் மருத்துவமனைக்குப் போனேன். ஊசி ஏறிய கையோடு என்னைப் பார்த்து, "புள்ள கணக்கு போடுறாளாடா?" என்று கேட்டார். போடுகிறாள் என்றேன்.

ஒரு பொய்யோடு அது நிற்கவில்லை. அக்கா நோட்டைக் கேட்டார். அறிவியல் பிரிவில் படிக்கும் தோழியின் நோட்டை பாப்பா வாங்கி வந்து காட்டினாள். அக்கா பக்கம் பக்கமாகத் தடவிப் பார்த்தார். நுண்கணிதம் வரும் இடத்தில் நிறுத்தி, "இதான். இதுலதான் நான் உழுந்தேன். எனக்குச் சொல்லிக்குடுடி" என்றார்.

"சொல்லிக்குடுக்குறேம்மா" என்றாள் பாப்பா.

அன்றிலிருந்து அவள் பகலில் பள்ளிப் பட்டறையில் இருந்தாள். பள்ளி விட்டதும் தோழியின் வீட்டுக்குப் போய், தனக்கு மூச்சு முட்டிய அதே கணக்கில் ஒன்றை மனப்பாடமாகக் கற்றுக்கொண்டு மருத்துவமனைக்கு வந்து அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அக்கா துருவித் துருவிக் கேட்பார். பதில் தெரியாதபோது, "டீச்சர் நாளைக்குச் சொல்லுவாங்கம்மா" என்பாள். வலி மருந்தை அக்கா தள்ளிப்போட ஆரம்பித்தார். குடித்தால் தூக்கம் வருகிறது, கணக்கு ஓடவில்லை என்றார். வலியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நோட்டைப் பார்ப்பார். நாங்கள் சொன்ன பொய்க்காக அவர் அந்த வலியைத் தாங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

ஒரு சாயங்காலம் யார் உதவியும் இல்லாமல் ஒரு கணக்கைப் போட்டு முடித்தார். விடை சரியாக இருந்தது.

"இவ்ளோதானாடா?" என்றார். "இதுக்கா நான் பொட்டியத் தூக்கினு வந்தேன்?"

நோய் தெரிந்ததிலிருந்து அக்கா அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அதன் பிறகு அவர் நோட்டைத் தொடவில்லை. அன்றிலிருந்து பதினோராம் நாள் காலையில் போய்விட்டார். அதற்கு முந்தின நாள், "புள்ளையச் சரியான எடத்துல சேத்துட்ட. போதும்" என்று என்னிடம் சொன்னார்.

பொறுமையாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், நோட்டோடு தன் நேரத்தையும் கொடுத்த அந்தத் தோழிக்கும், வார்டுக்கு வந்தபோது நிலைமையைப் புரிந்துகொண்டு பிரிவு மாறியதை அக்காவிடம் சொல்லாமல் திரும்பிய வகுப்பாசிரியைக்கும், வயல் வேலையை விட்டுவிட்டு ரத்தம் கொடுக்க வந்த விவசாயிகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. இதை எழுதலாமா என்று பாப்பாவிடம் கேட்டேன். "எழுதுங்க மாமா. யாராவது ஏசுனா என்னையும் சேத்து ஏசட்டும்" என்றாள்.

அக்கா, பாப்பா தொழிற்கல்விப் பிரிவில்தான் படிக்கிறாள். இந்த வருடம் பள்ளியை முடிக்கிறாள். அவளுக்கும் ஒரு நாள் பெட்டியோடு திரும்பி வரும் நிலை வருமா, வராதா, எனக்குத் தெரியாது. நீ உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால் என்னைத் திட்டியிருப்பாய், பிறகு ஏதாவது ஒரு வழியும் சொல்லியிருப்பாய். நீ படிக்க முடியாத நாளில் இதை எழுதி ஊருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.