ரோலர் பெரியதம்பியின் மோட்டார் சைக்கிள்

கண்டி மாநகர சபையின் ரோடு உருட்டும் ரோலரைப் பெரியதம்பி ஓட்டிய காலத்தில், அதை முந்திப் போகாதது என்று நகரத்தில் ஒன்றும் இல்லை. பாடசாலைப் பிள்ளைகள் முந்துவார்கள், பால் மாடு முந்தும், பிரேத ஊர்வலம்கூட "கொஞ்சம் ஒதுங்குங்கண்ணே" என்று கேட்டு முந்திக்கொண்டு போகும். ஒருமுறை ரோலர் கட்டுக்கலையில் புறப்பட்டுக் கட்டுகஸ்தோட்டை போய்ச் சேருவதற்குள், வழியில் ஒரு வீட்டில் பெண் பார்த்து, பரிசம் போட்டு, கல்யாணமும் முடிந்து, மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு ரோலர்காரரையும் கூப்பிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அவர் மனைவி சுந்தரி அந்தக் கதையை மறுத்ததே இல்லை. பாயசம் நன்றாக இருந்ததாக வேறு சொல்வாள்.

பெரியதம்பி ஹந்தானைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். தேயிலை ஃபக்டரியில் லொறி கழுவப் போய், லொறிக்கு அடியில் படுத்து, அப்படியே எஞ்சின் படித்தார். ஆள் மலை மாதிரி. அவர் ரோலரில் ஏறி உட்கார்ந்தால் சபையிடம் இரண்டு ரோலர் இருப்பதாகத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சுந்தரி அதற்கு நேர்மாறு. பிள்ளையார் கோயில் வாசலில் மாலை கட்டி விற்பாள். பூக்கூடைக்குப் பின்னால் குந்தியிருந்தால், வாங்க வந்தவர்கள் "கடையில ஆள் இல்லையா" என்று கேட்பார்கள். பிள்ளைகள் இல்லாத வீடு. அந்தக் குறையை இருவரும் பேசியே கரைத்துவிட்டிருந்தார்கள். எந்நேரமும் ஏதாவது பேச்சும் கேலியுமாகத்தான் அம்பிட்டிய மேட்டில் அவர்கள் வீடு இருக்கும்.

அதனால்தான் அன்றைக்கு அவர் வாயைத் திறக்காமல் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது சுந்தரிக்குப் பயம் வந்தது.

"சோறு ஆறுது."

"ஆறட்டும்."

"மேலுக்குச் சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல புள்ள. இன்னிக்கி ரேஸ் நடந்துச்சுல்ல, மலை ரோட்டுல. அந்த ரோட்ட உருட்டிக் குடுத்தவன் நானு. ஓரமா நின்னு பாருன்னாங்க. நின்னேன். ஒருத்தன் மோட்டார் சைக்கிள்ல என் பக்கத்தால போனான். அவன் போன காத்து என் தொப்பியத் தூக்கிட்டுப் போயிருச்சு."

"தொப்பிக்கா இந்த முழி? வேற வாங்கலாம்."

"தொப்பி கெடக்கட்டும். அது அவன் காத்து. நானே ஓட்டி, நான் போற போக்குல ஒரு காத்து வந்து என் மூஞ்சியில பட்டதே இல்ல புள்ள. ரோலர்ல எங்க காத்து? ஈகூட ஒக்காந்துக்கிட்டே வருது."

விசிறியை எடுத்து நாலு வீசு வீசட்டுமா என்று கேட்க வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். வாழ்க்கையில் எதையும் வேண்டும் என்று கேட்டறியாத மனிதர். குழம்பில் உப்பு இல்லை என்றால்கூட, உப்புக்கு இன்றைக்கு லீவு போல என்று சொல்லிச் சாப்பிட்டுவிடுவார். கடைசியில் அவர் ஆசைப்பட்டதோ காற்றுக்கு. அதைக் கொடுக்காமல் விடுவதில்லை என்று அவள் அந்தச் சோற்றுக்கு முன்னாலேயே முடிவு பண்ணிவிட்டாள்.

ரேஸ் நடத்திய கழகம் இன்னொன்றும் அறிவித்திருந்தது. கடற்கரைப் பக்கம், உலக யுத்தத்தில் ஆகாய விமானம் இறங்கப் போட்ட பழைய தார்த்தரையில் வேகப் பரீட்சை. அளந்த தூரத்தை யார் விரைவாகக் கடக்கிறாரோ அவர் பெயரில் இலங்கைச் சாதனை. ஆகச் சிறிய எஞ்சினுக்கும் தனிப் பிரிவு இருந்தது. அதில் கொழும்புக்காரர் ஒருவர் மணிக்கு நாற்பத்தேழு மைல் ஓடியிருந்தார்.

மடவளையில் பழைய இரும்பு வாங்கி விற்கும் ஜவாஹிர் நானாதான், சுந்தரி கேட்டபடி, அந்தப் பிரிவில் பெரியதம்பி ஓடுவதற்கு ஓர் எஞ்சின் கொண்டுவந்தார். மிதித்துக் கிளப்புகிற ஜெர்மன் சைக்கிளிலிருந்து கழற்றியது. கைக்குள் அடங்கும். "பூனைக்குட்டி மாதிரி ஈக்கி. ஆனா பால் ஊத்தினா பாயும், தங்கச்சி" என்றார். சட்டத்துக்கு நல்ல குழாய் தேடி ஊரெல்லாம் அலைந்தார்கள். கடைசியில் சுந்தரிதான் காட்டினாள், அவர்கள் கல்யாணத்துக்கு வந்த இரும்புக் கட்டிலை. அன்றிலிருந்து இருவரும் பாயில் படுத்தார்கள்.

வண்டி வளர்ந்தது. உயரம் ஆட்டுக்குட்டி அளவு. கழுத்தை நீட்டிக் குப்புறப் படுத்து ஓட்ட வேண்டும். ஓட்டிப் பார்க்கத்தான் இடம் இல்லை. கண்டியில் நேராகப் போகிற ரோடு எங்கே இருக்கிறது? எந்த ரோடானாலும் கொஞ்சத் தூரத்தில் மலையைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடும். வாவியைச் சுற்றி ஓட்டலாம் என்றால் பொலிஸ்காரர் நிற்பார். அம்பிட்டியவில் இரண்டு வளைவுக்கு நடுவே ஒரு துண்டு கிடைத்தது. முடிவில் மானாப்புல் புதர், அதுதான் பிரேக்.

பெரியதம்பி ஏறிப் படுத்தார். வண்டி முனகிக்கொண்டு போனது. நானா பக்கத்திலேயே நடந்து போய், நலம் விசாரித்துவிட்டு வந்தார்.

"எப்படி நானா?" என்றாள் சுந்தரி.

"ரோலரவிட வேகம்."

"நெசமாவா?"

"அப்பிடித்தான் செல்றேன். சத்தியம் பண்ணச் செல்லாதீங்க."

பெரியதம்பியும் சிரித்தார். பிறகு விளையாட்டாக, "நீ ஏறிப் பாரேன் புள்ள" என்றார். சுந்தரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிப் படுத்தாள். அவள் படுத்ததே வண்டிக்குத் தெரியவில்லை. விட்டார்கள். அங்கே இருந்தவள் அங்கே இல்லை. மானாப்புல்லுக்குள்ளிருந்து கொண்டை அவிழ்ந்து, முகமெல்லாம் கண்ணீராக, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டு எழுந்து வந்தாள். காதுக்குள் இன்னும் இரைந்தது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வரும் போல இருந்தது.

அவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கண்டுகொண்டார். நானாவும் கண்டுகொண்டார். சாதனை என்றால் ஏற வேண்டியது சுந்தரி.

வீட்டில் மறுபடியும் சோறு ஆறியது. அடுத்த ஞாயிறு அவரே சொன்னார். "நீதான் ஏறணும்."

"பொம்பளைய விடுவாங்களா?"

"கழகத்துல கேட்டேன். கூடாதுன்னு எங்கேயும் எழுதி வைக்கலியாம். யோசிக்கவே இல்லையாம் அவங்க."

காற்றைக் கிழிக்க வண்டிக்கு ஒரு கூடு வேண்டும் என்றார். தார் பீப்பாயை வெட்டித் தட்டினார். அளவு எடுக்க நாடா இல்லை. அவள் மாலை கட்டுகிற நாரை எடுத்துத் தோளுக்குத் தோள் பிடித்து, முடிச்சுப் போட்டுக்கொண்டார். அவருடைய பெரிய விரல்கள் அந்த முடிச்சைப் பூப்போலப் போட்டன. அவள் படுத்தால் சரியாக மூடுகிற கூடு. அவருடைய கை ஒன்று மட்டும் அதற்குள் போகும். சுத்தியல் விழும் ஒவ்வொரு தட்டுக்கும் அவர் தன்னையே வெளியில் வைத்துத் தகரத்தை மூடுவது போல அவளுக்குப் பட்டது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மானாப்புல் வரைக்கும் போன அந்த ஒரு போக்கு அவளையும் பிடித்துக்கொண்டிருந்தது. பூக்கட்டும்போதுகூட விரல், வேகம் கூட்டும் பிடியைத் திருகுவது போல அசைந்தது.

நானாவின் மனைவி ருக்கியா, "சேலையோட போனீங்கண்டா சில்லுல சுத்தும்" என்று ஒரு காற்சட்டை தைத்துக் கொடுத்தாள். மரக்கறி லொறியில், கோவா மூட்டைகளுக்கு நடுவே வண்டியைப் படுக்கப்போட்டு, நானாவையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள்.

தார்த்தரை கடலோரம் தொடங்கி உள்நாட்டைப் பார்த்து நீண்டு கிடந்தது. இவ்வளவு நேரான ஒன்றைப் பெரியதம்பி அதுவரை கண்டதில்லை. குந்தி, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "நல்லா உருட்டியிருக்கான்" என்றார்.

கழகத்துச் செயலாளர் ஒரு பறங்கித் துரை, நல்ல மனிதர். அரைச் சிங்களமும் கால் தமிழுமாக விளக்கினார். கடற்காற்றின் உதவி கணக்கில் சேராமல் இருக்க, ஒரு தரம் போக வேண்டும், உடனே திரும்பி வர வேண்டும். இரண்டுக்கும் நடு வேகம்தான் வேகம். ஒரு வண்டிக்கு இரண்டு சந்தர்ப்பம்.

பூசை இல்லாமல் அந்த வண்டி புறப்படுமா? அம்பிட்டியவில் ஓட்டியதெல்லாம் ஒத்திகை, அதற்குப் பூசை கிடையாது. இது கன்னி ஓட்டம். சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். தேங்காய் உடைத்தார்கள். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, வண்டிக்கு நெற்றி எது என்று தேடினாள். பெற்றோல் தாங்கியின் மூடிதான் வட்டமாக, நடுவாக, பளபளவென்று இருந்தது. அழுத்தி ஒரு பெரிய பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் இட்டாள். பெரியதம்பி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கொடி விழுந்தது. சுந்தரி பறந்தாள். கூட்டுக்குள் காற்றே இல்லை. சத்தம் மட்டும் இருந்தது. தகரத்துக்குள் மூடிய வேகம். கொழும்புக்காரரின் வேகத்தைத் தாண்டிவிட்டாள் என்று ஓரத்தில் நின்றவர்கள் சத்தியம் செய்தார்கள். அளந்த தூரம் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போது எஞ்சின் இருமியது. மறுபடி இருமியது. அத்தோடு நின்றுவிட்டது.

வந்திருந்த இளவட்டங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். பெரியதம்பி ஓடி வந்தார். அவர் ஓடியதை அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள். தான் எங்கோ பிழை விட்டுவிட்டதாக நினைத்து ஒவ்வொரு குழாயாகத் தொட்டார். மூடியைத் திருகியதும் 'உஸ்' என்று ஒரு மூச்சு உள்ளே போனது.

நானா குனிந்து பார்த்தார். "தங்கச்சி, மூடியில ஒரு ஊசித் துவாரம் ஈக்கி. காத்து உள்ளுக்குப் போனாத்தான் பெற்றோல் கீழ எறங்கும்."

துவாரத்தின் மேலே சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது.

"நெத்தின்னு நெனச்சு மூக்க அடைச்சிட்டேனா?" என்றாள் சுந்தரி.

"விடு புள்ள. சாமிக்கு வச்சது." தோளில் கிடந்த துவாயின் நுனியை எச்சிலில் நனைத்துத் துடைத்தார். குத்தூசியால் துவாரத்தைச் சுத்தமாக்கினார். "இப்ப சரி. இன்னொரு சந்தர்ப்பம் இருக்கு. ஏறு. அம்பதுகூடப் போகும்."

போகும் என்று அவளுக்கும் தெரியும். உடம்பே அதை நினைத்து விறுவிறுத்தது. ஆனால் துவாரம் மறுபடி அடைத்திருக்கிறதா என்று மூடியை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்த அவர் முகத்தில் கடற்காற்று அடித்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை. மூடிக்குக் காற்றுப் போகிறதா என்பதுதான் அவருக்குக் கவலையாக இருந்தது.

"நானா, அந்தக் கூட்டக் கழட்டுங்க" என்றாள்.

"என்னத்துக்கு?"

"இவரு அதுக்குள்ள கொள்ள மாட்டாரு."

பெரியதம்பி நிமிர்ந்தார். "பைத்தியமா உனக்கு? நான் ஏறினா பேரு வராது."

"பேரு கோயில்ல அர்ச்சனைக்குச் சொன்னாப் போதும். நீங்க எதுக்கு இதக் கட்டினீங்க?"

"அது வேற. இப்ப நீ…"

"நான் போயிட்டு வந்துட்டேன். உள்ள காத்தே இல்லைங்க, வெறும் சத்தம். கூடு இல்லாம போனாத்தான் படும். ஏறுங்க. எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, என்னைய வெக்கப்படுத்தாதீங்க."

நானா திருகாணியை ஏற்கனவே கழற்றத் தொடங்கிவிட்டார்.

அவர் படுத்ததும் வண்டி 'ஐயோ' என்றது. போகும்போது கடற்காற்று முதுகில் பிடித்துத் தள்ள, பாய்மரம் போலச் சட்டை உப்பி, நல்ல வேகம்தான் போனார். ஆனால் அந்த முனையில் திருப்பும்போது, கோயில் நடை சாத்திய பிறகு வந்து நிற்கிறவர் போலத் தலை தொங்கியிருந்தது. காற்றும் அவரோடு சேர்ந்தே போய்விட்டதே, எப்படி முகத்தில் படும்? சுந்தரி வாயில் முந்தானையை வைக்கப் போனாள். முந்தானை இல்லை, காற்சட்டைதான் இருந்தது, கையை வைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தார். இப்போது கடல் எதிரே இருந்தது. முழுக் கடலின் காற்றும் தார்த்தரையோடு உருண்டு அவர் மேல் வந்தது. வண்டி திணறிற்று. ஓடுகிற பையன்கள் பக்கத்தில் ஓடியே பிடிக்கலாம் போல வந்தார். ஆனால் முகத்தைக் குனியவில்லை. நிமிர்த்தி வைத்திருந்தார். கன்னத்துச் சதை படபடத்தது. மயிரெல்லாம் பின்னால் படுத்துவிட்டது. கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குப் போயிற்று. கொடிக்காரரைக் கடந்தார், துரையைக் கடந்தார், கடந்தும் நிறுத்தவில்லை. தார்த்தரை முடிந்தது. மணலில் புகுந்து, தாழம்புதரை உரசி, கடலைப் பார்த்த மேட்டில் மெல்லச் சாய்ந்தார்.

முதலில் போய்ச் சேர்ந்தவள் சுந்தரி. அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். கடலைப் பார்த்து, இன்னும் போய்க்கொண்டிருப்பவர் மாதிரி முகத்தைக் கொடுத்துக்கொண்டு.

"அடி பட்டுச்சா?"

இல்லை என்று தலையாட்டினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதுக்குள் போயிருந்த மணலைச் சுண்டுவிரலால் எடுத்தாள்.

பின்னால் துரை கையை ஆட்டிக்கொண்டு ஏதோ கத்தினார். முப்பத்தாறு, முப்பத்தாறு என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார், பாவம்.

"என்ன சொல்றாரு புள்ள?"

"சாப்பிட வரச் சொல்றாரு."

"கொஞ்சம் நேரமாகும்னு சொல்லு" என்றார் பெரியதம்பி.